சந்தா கட்டாத பெரும்பான்மை

கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனம் 2018-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதற்காகத் தன் கணக்குவழக்கை எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. பதிவு செய்த பயனர்கள் 50 கோடிக்கும் மேல். அவர்களில் பணம் கட்டியவர்கள் சுமார் 1.1 கோடி. அதாவது நூறு பேர் கணக்குத் தொடங்கினால் இரண்டு பேர்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் முந்தைய ஆண்டில் அதன் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

சந்தா வியாபாரத்தைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு பேரைப் பற்றித்தான். இந்தக் காலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஒருவரிடமிருந்து மாதம் எவ்வளவு வருகிறது என்று அலசுவார்கள். மீதி 98 பேர் அந்தக் கணக்கில் 'இன்னும் மாறாதவர்கள்' என்ற அளவில் மட்டும் தலைகாட்டுவார்கள். பொதுப்பேச்சில் அவர்களுக்கு இதைவிட மோசமான பெயர்: ஓசியில் அனுபவிப்பவர்கள்.

இந்த இரண்டு பார்வையும் எனக்குத் தவறாகப் படுகிறது. கட்டாதவர்கள் அந்தச் சேவை ஓடுவதற்கே தேவைப்படுகிறவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் தொந்தரவுகளும் வேறொருவரை மனதில் வைத்துத் திட்டமிடப்பட்டவை. அந்த 'வேறொருவர்' யார் என்று தெரிந்துவிட்டால், எந்தத் தொந்தரவைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதும் பிடிபட்டுவிடும்.

ஏன் விரட்டுவதில்லை?

2006-இல் அமெரிக்க முதலீட்டாளர் ஃப்ரெட் வில்சன், தனக்குப் பிடித்த வியாபார முறை ஒன்றை விவரித்தார். அடிப்படைச் சேவையை இலவசமாகக் கொடு, நிறைய பேரைச் சேர், அவர்களில் ஒரு சிறு பகுதிக்குக் கூடுதல் வசதிகளை விற்றுக்கொள். இதற்குப் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்று அவர் கேட்க, அப்போது கிடைத்ததுதான் 'ஃப்ரீமியம்'. முறை அதற்கு முன்பே இருந்தது. அச்சடித்த பத்திரிகையை இப்படி விற்க முடியாது. ஒவ்வொரு பிரதிக்கும் தாளும் மையும் ஆகும். மென்பொருளில் இன்னொருவர் கூடுதலாக வந்தால் ஆகும் செலவு மிகக் குறைவு. அந்தக் குறைந்த செலவில்தான் இந்த முறையே நிற்கிறது.

செலவு குறைவு என்பதற்காக மட்டும் யாரும் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வரவும் வேண்டும். அந்த வரவு பல வழிகளில் வருகிறது.

முதலாவது, நாளைய வாடிக்கையாளர். 2008-இல் தொடங்கிய ஸ்பாட்டிஃபை, 2018-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு விவரம் சொன்னது. 2014 பிப்ரவரியில் கணக்கிட ஆரம்பித்ததிலிருந்து, புதிதாகச் சேர்ந்த கட்டணச் சந்தாதாரர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இலவசப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 2023 முடிவில் அதன் மாதாந்திரப் பயனர்கள் 60 கோடி. கட்டணம் செலுத்தியவர்கள் 23.6 கோடி. மீதமிருந்த பெரும்பான்மை விளம்பரங்களோடு பாட்டுக் கேட்டது. அந்த விளம்பரங்களால் வந்தது ஆண்டு வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். இன்றைய வருமானத்தை மட்டும் பார்த்தால் இலவசக் கேட்பாளர் பெரிதாக ஒன்றும் தரவில்லை. ஆனால் நாளைக்குக் கட்டப் போகிறவர் இன்றைக்கு இருக்கும் இடம் அதுதான்.

இரண்டாவது வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல சேவைகளில் கட்டுகிறவர் எதற்காகக் கட்டுகிறாரோ, அந்தப் பொருளே கட்டாதவர்கள்தான். வேலைவாய்ப்புத் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அங்கே பெரிய தொகை கட்டித் தேடுவது, ஒரு பைசா கட்டாமல் தங்கள் படிப்பையும் அனுபவத்தையும் பதிந்து வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களைத்தான். ஜூம் போன்ற வீடியோ அழைப்புச் சேவையில் கூட்டத்தை நடத்துபவர் பணம் கட்டியிருப்பார். சேருகிற மற்றவர்கள் யாரும் கட்டியிருக்க வேண்டியதில்லை. அவர்களும் கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றால் அவருடைய சந்தாவுக்கு மதிப்பே இருக்காது. டிராப்பாக்ஸ் பரவியதும் இப்படித்தான். ஒருவர் கோப்பை இன்னொருவரோடு பகிர்வார். வாங்கியவர் அதைத் திறக்கக் கணக்குத் தொடங்குவார். விற்பனைப் பிரதிநிதி செய்ய வேண்டிய வேலையைப் பயனர்களே சம்பளம் இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது விளம்பரமும், அதற்குத் தீனியாகும் தனிப்பட்ட விவரங்களும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூரை இல்லாத ரயில் பெட்டி

சரி, இவ்வளவு பயனுள்ளவர்கள் என்றால் ஏன் அவர்களை இப்படிப் படுத்துகிறார்கள்? பாட்டின் நடுவே விளம்பரம், நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும் அழைப்பு, திரும்பத் திரும்ப வந்து நிற்கும் 'பிரீமியம் வாங்குங்கள்' பெட்டி. இதற்கு ஆகச் சிறந்த பதிலைச் சொன்னவர் இணையம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பு வாழ்ந்தவர்.

ஜூல் துப்புயி பிரெஞ்சுப் பொறியாளர், பொருளாதாரச் சிந்தனையாளர். அவர் காலத்து ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது, உட்காரப் பலகைதான். பயணிகள் மழையிலும் வெயிலிலும் போனார்கள். ரயில் கம்பெனிகள் ஏழைகளை வெறுக்கின்றன, அல்லது கூரை போடக் கஞ்சத்தனப்படுகின்றன என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். துப்புயி 1849-இல் எழுதியது வேறு. கூரைக்கு ஆகும் சில ஆயிரம் ஃபிராங்க் கம்பெனிக்குப் பொருட்டே இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க வசதி உள்ளவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது. அதற்காகத்தான் மூன்றாம் வகுப்பு அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஏழையை நோகடிப்பது அதன் நோக்கம் இல்லை, வசதியுள்ளவரைப் பயமுறுத்துவதுதான் நோக்கம். ஆனால் நனைவது ஏழைதான்.

இந்த ஒரு விளக்கம் இன்றைய இலவசத் திட்டங்கள் பெரும்பாலானவற்றைத் திறந்து காட்டிவிடுகிறது. நிறுவனம் முதலில் முழு வசதியோடு ஒரு பொருளைச் செய்கிறது. பிறகு அதிலிருந்து சிலவற்றை எடுத்துவிட்டு மலிவான பதிப்பை உண்டாக்குகிறது. எடுப்பதற்கும் செலவு ஆகும், சில நேரம் மலிவான பதிப்பைச் செய்யத்தான் கூடுதல் செலவு பிடிக்கும். ரேமண்ட் டெனெக்கேர், பிரஸ்டன் மெக்காஃபி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1996-இல் இப்படிப்பட்ட சரக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஐபிஎம் 1990-இல் கொண்டுவந்த ஒரு மலிவு லேசர் பிரின்டர் அதில் உண்டு. விலை கூடின பிரின்டர் நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும், மலிவானது ஐந்து. உள்ளே இரண்டும் ஏறக்குறைய ஒரே இயந்திரம்தான். மலிவானதில் காத்திருக்கச் சொல்லும் கட்டளைகளைக் கூடுதலாகச் சேர்த்து வேகத்தைக் குறைத்திருந்தார்கள். இன்டெல் 1991-இல் விற்ற 486எஸ்எக்ஸ் சிப்பும் அதே வகை. முழுத் திறன் கொண்ட சிப்பில் கணக்குப் போடும் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்து குறைந்த விலைக்கு விற்றார்கள்.

இதே முறை பிற்பாடு காருக்கும் வந்தது. பிஎம்டபிள்யூ 2022-இல் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. சூடாக்கும் கம்பிகள் காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். சந்தா கட்டாதவருக்கு மென்பொருள் அதைப் பூட்டி வைத்திருக்கும். எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2023-இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. பாட்டுச் செயலியில் பொறுத்துக்கொண்ட விஷயத்தைக் காரில் மக்கள் பொறுக்கவில்லை. காரணம் லேசானது: காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குள் ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தொட முடியவில்லை. செயலியிலும் அப்படித்தான் என்றாலும் அங்கே கம்பி இல்லை, கோபமும் வரவில்லை.

இந்த முறையே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை முழுக்கத் தடுத்தால் மலிவுப் பதிப்பே இல்லாமல் போகலாம். கூரை போடு என்று கட்டாயப்படுத்தினால் மூன்றாம் வகுப்பையே ஒழித்துவிடுவார்கள். நனைந்துகொண்டாவது ஊர் போய்ச் சேர்ந்தவர் நடந்து போக வேண்டியிருக்கும். டெனெக்கேரும் மெக்காஃபியும் இதையே காட்டினார்கள்: சில சூழ்நிலைகளில் சரக்கைக் குறைத்து விற்பதால் விற்பவர், கட்டுகிறவர், கட்டாதவர் என எல்லோருக்குமே நன்மை வரலாம். விளம்பரத்தோடு பாட்டுக் கேட்பவர், பாட்டே இல்லாமல் இருப்பதை விரும்ப மாட்டார். கேள்வி, எதை எடுத்துவிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

கட்டாததற்குக் காரணம் ஒன்றல்ல

கட்டாதவர் என்றதும் கஞ்சர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வது சுலபம். நிஜத்தில் அந்தக் கூட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல வகையினர் இருக்கிறார்கள்.

பணம் இருந்தும் கட்ட வழி இல்லாதவர்கள் உண்டு. வாட்ஸ்அப் ஒரு காலத்தில் முதல் ஆண்டுக்குப் பிறகு வருடம் ஒரு டாலர் வாங்கியது. 2016 ஜனவரியில் அதை ரத்து செய்தபோது நிறுவனமே சொன்ன காரணம், பல பயனர்களிடம் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ இல்லை என்பது. முதல் ஆண்டு முடிந்ததும் நண்பர்களோடும் வீட்டாரோடும் தொடர்பு அறுந்துவிடுமோ என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள். தொகை ஒரு டாலர்தான். தடையாக இருந்தது தொகை இல்லை, அதைச் செலுத்தும் வாசல்.

வேறொருவர் கட்டிய சந்தாவில் பார்ப்பவர்கள் உண்டு. 2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸுக்குக் கட்டண வீடுகள் 22.2 கோடி, அதற்கு மேல் பத்துக் கோடிக்கும் அதிகமான வீடுகள் பிறர் பாஸ்வேர்டில் பார்ப்பதாக அது கணித்தது. பல ஆண்டுகள் கண்டும் காணாமல் விட்டிருந்த நிறுவனம், 2023-இல் பல நாடுகளில் அதை இறுக்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 நவம்பரில், விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டத்தையும் கொண்டுவந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாசலை மூடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்தார்கள். 2023 முடிவில் சந்தாக்கள் 26 கோடியைத் தொட்டன. அதுவரை 'கட்டவே மாட்டார்கள்' என்று எண்ணப்பட்டவர்களில் பலருக்குச் சரியான விலையில் ஒரு திட்டம்தான் இல்லாமல் இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

அப்புறம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டாதவர்கள். இவர்களை நான் மதிக்கிறேன். ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக்கே மால்மென்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இவர்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் நாலு தடவை கொஞ்சம் கூடப் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கும் மேல் விழுகிறது. பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்குப் பத்து டாலர்தான். நாளையிலிருந்து ஒழுங்காகப் போவோம் என்ற நம்பிக்கைக்குத்தான் அவர்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கிறார்கள். சந்தா வியாபாரத்தில் இந்த வகை வருமானம் எல்லா இடத்திலும் கொஞ்சம் இருக்கிறது: பயன்படுத்தாமலே கட்டிக்கொண்டிருப்பவர்கள். தனக்கு எவ்வளவு தேவை என்று நேர்மையாகப் பார்த்துவிட்டு ஒதுங்கியவரை ஓசிக்காரர் என்று சொல்வது அநியாயம்.

வெளியே வர முடியாமல் போகுமோ என்ற பயமும் ஒரு காரணம். அது வீண் பயமும் இல்லை. அமேசான், பயனர்களின் தெளிவான சம்மதம் இல்லாமல் அவர்களைப் பிரைம் சந்தாவில் சேர்த்தது, விலகுவதை வேண்டுமென்றே சிக்கலாக்கியது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டவர், அடுத்த பத்து இடத்தில் கார்டு எண்ணைக் கொடுக்கத் தயங்குவார். விலகலைக் கடினமாக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நேர்மையாக நடக்கும் மற்ற நிறுவனங்களின் வருங்கால வாடிக்கையாளர்களையும் சேர்த்துத்தான் விரட்டுகிறது.

ஓசி என்ற குற்றச்சாட்டு

இந்தக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. படைப்பாளிகள் பக்கமிருந்து பார்த்தால் வலி தெரியும். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்கப்படும் பாட்டுக்கு, கட்டணம் கட்டிக் கேட்கப்படும் பாட்டைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேருகிறது. டெய்லர் ஸ்விஃப்ட் 2014 நவம்பரில் தன் பாடல்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துவிட்டதற்கு இலவசக் கேட்பும் ஒரு காரணம். 2017-இல்தான் திரும்ப வைத்தார். அவரைப் போன்ற பெரிய பெயருக்கு அந்தப் பலம் இருந்தது. பெயர் தெரியாத பாடகருக்கு இலவசக் கேட்பாளர்கள்தான் முதல் ரசிகர்கள், அதனால் அவரால் அப்படி விலகிவிட முடியாது. யாரிடம் கோபப்படுவது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். கேட்பவர் கொடுக்கப்பட்ட வாசல் வழியாகத்தான் வந்தார். அந்த வாசலில் படைப்பாளிக்கு எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நிறுவனமும் இசை வெளியீட்டாளர்களும்.

தவிரவும், கட்டாதவர் எதுவுமே கொடுப்பதில்லை என்பது சரியில்லை. அவர் நேரம் கொடுக்கிறார், தன் பழக்கவழக்கங்களைப் பற்றிய தகவல் கொடுக்கிறார். ஐரோப்பாவில் இது நேரடியான கேள்வியாகவே வந்து நின்றது. 2023 நவம்பரில் மெட்டா நிறுவனம் தன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: மாதச் சந்தா கட்டி விளம்பரம் இல்லாமல் பயன்படுத்தலாம், அல்லது தங்கள் நடவடிக்கைகளைக் கவனித்துக் குறிவைக்கும் விளம்பரங்களுக்குச் சம்மதிக்கலாம். கட்டணம் கட்ட முடியாதவர் கொடுக்கும் சம்மதம் உண்மையான சம்மதமா என்ற கேள்வி எழுந்தது. தகவல்களைக் குறைவாக எடுத்துக்கொள்ளும், அதே நேரம் இலவசமான மூன்றாவது வழி ஒன்றைத் தரவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் போட்டது. இதில் ஆணையம் எடுத்த நிலை எனக்குச் சரியாகவே தெரிகிறது. விளம்பரம் பார்ப்பது வேறு, பின்தொடரப்படுவது வேறு. முதலாவதைச் சந்தாவுக்கு ஈடாகக் கேட்கலாம். இரண்டாவதை ஏழையின் கட்டணமாக்கினால், அந்தரங்கம் என்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சரக்காகிவிடும்.

செய்திக்கு முன்னால் நிற்கும் சுவர்

செய்தித்தாள்கள் இந்த விஷயத்தில் பட்ட பாடு நீண்டது. நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் கட்டணச் சுவர் (பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்ற தடை) எழுப்பியபோது, மாதம் 20 கட்டுரைகள் வரை யாரும் படிக்கலாம் என்று விட்டது. அடுத்த ஆண்டே அதைப் பத்தாகக் குறைத்தது. லண்டனின் தி டைம்ஸ் 2010-இல் எழுப்பிய சுவரில் இப்படி ஓட்டை எதுவும் விடவில்லை. தி கார்டியன் சுவரே எழுப்பவில்லை. விரும்பியவர்கள் பணம் தாருங்கள், தராதவர்களும் படியுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டே நடக்கிறது. மூன்றும் இன்றைக்கும் இயங்குகின்றன. ஆகவே சுவர் இல்லாமல் பிழைக்கவே முடியாது என்பதும் இல்லை, சுவர் எழுப்பினால் செத்துவிடுவோம் என்பதும் இல்லை.

இதழியல் ஆய்வு அமைப்பான ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதியான 20 நாடுகளில் இணையச் செய்திக்கு ஏதாவதொரு வகையில் பணம் கொடுத்தவர்கள் 17 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டும் அதே அளவுதான். மீதி 83 சதவீதம் பேர் செய்தி படிக்காமல் இல்லை. சுவர் இல்லாத இடங்களில் படிக்கிறார்கள். அந்த இடங்களில் நல்ல இதழியலும் உண்டு, யாரோ கிளப்பிவிடும் புரளியும் உண்டு. புரளிக்கு நிருபர் வேண்டாம், ஆவணம் வேண்டாம், வழக்கறிஞர் சரிபார்க்க வேண்டாம்; செலவே இல்லாததால் அதை இலவசமாகவே கொடுத்துவிடலாம். ஆறு மாதம் உழைத்து எழுதப்பட்ட புலனாய்வுக் கட்டுரை சுவருக்குப் பின்னால் போய்விடுகிறது. அந்தக் கட்டுரை அம்பலப்படுத்தும் முறைகேட்டால் பாதிக்கப்பட்டவர்களே அதைப் படிக்க முடியாத நிலை வருவதுண்டு.

இதைப் பத்திரிகைகள் உணராமல் இல்லை. 2020-இல் கொரோனா பரவத் தொடங்கியபோது பல பெரிய பத்திரிகைகள் நோய் பற்றிய செய்திகளை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிட்டன. உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் கட்டியவர்களோடு நின்றுவிடக் கூடாது என்று அவர்களே அப்போது கோடு போட்டார்கள். அந்தக் கோடு பெருந்தொற்றுக் காலத்துக்கு மட்டுமானதாக ஏன் இருக்க வேண்டும்? வெள்ளம், தேர்தல் விதிகள், கலப்பட மருந்து பற்றிய எச்சரிக்கை ஆகியவையும் அதே பக்கம்தானே வரும்.

ஆராய்ச்சி இதழ்களில் இந்த வாதம் பாதி ஜெயித்துவிட்டது. பொதுப் பணத்தில் நடந்த மருத்துவ ஆராய்ச்சியின் கட்டுரைகள் 12 மாதத்துக்குள் இலவசமாக வெளியாக வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2008-இல் விதித்தது. காத்திருப்புக் காலமே கூடாது என்று 2022-இல் வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகம் எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியது.

விதிகள் மாறும்போது

இலவசப் பயனருக்கு ஒரு நிரந்தரப் பலவீனம் உண்டு. கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். படங்களைச் சேமிக்கும் ஃபிளிக்கர் 2013-இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றது. கைமாறிய பிறகு, 2018 நவம்பரில், இனி ஆயிரம் படங்கள்தான், மிச்சத்தை அழித்துவிடுவோம் என்றது. கூகுள் போட்டோஸ் வரம்பில்லா இலவசச் சேமிப்பை 2021 ஜூனில் நிறுத்தியது. அதற்கு முன் ஏற்றிய படங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது மரியாதையான வழி. எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு போட்டது; ஏற்கெனவே எழுதி வைத்த பழைய குறிப்புகளைப் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது.

சேமிப்புக்குச் செலவு ஆகும். காலம் முழுக்க இலவசமாக வைத்திரு என்று யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் ஒருவர் பல வருடம் சேர்த்து வைத்த படங்களும் எழுத்துகளும் அவருடையவை. முன்கூட்டியே தெரிவிப்பதும், எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள வழியும் நேரமும் தருவதும் கட்டாதவருக்கும் சேர வேண்டியவை. இதைச் சலுகையாக நினைக்கும் நிறுவனங்களை நம்பிப் படம் ஏற்றாதீர்கள்.

பாதுகாப்பைக் கழற்றி வைத்தால்

மேலே சொன்ன கேள்விக்கு வருகிறேன். எதை எடுத்துவிடுகிறார்கள்? வேகத்தை, அழகை, சேமிப்பு அளவைக் குறைக்கிறார்கள் என்றால் அது துப்புயி சொன்ன கூரை. இழப்பு கட்டாதவரோடு நிற்கிறது. பூட்டையே கழற்றிவிட்டால்?

டிவிட்டர் 2023 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கணக்கில் நுழையும்போது குறுஞ்செய்தியில் எண் அனுப்பிச் சரிபார்க்கும் வசதி, மார்ச் 20-க்குப் பிறகு கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டுமே. குறுஞ்செய்தி முறையில் ஓட்டைகள் உண்டு, ஏமாற்றுக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது நிறுவனம் சொன்ன காரணம். ஓட்டை இருப்பது உண்மை. ஆனால் ஓட்டையுள்ள முறையைக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் ஏன் தொடர்ந்து வைத்தார்கள் என்பதற்கு அந்தக் காரணத்தில் பதில் இல்லை. தனிச் செயலி மூலம் சரிபார்க்கும் வழி இலவசமாகவே இருந்தது. அது இன்னும் பாதுகாப்பானதும்கூட. ஆனால் அதை அமைத்துக்கொள்ளத் தெரியாதவர் வெறும் பாஸ்வேர்டோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

மைக்ரோசாஃப்ட் விஷயம் இதைவிடப் பெரியது. 2023-இல் சீனாவோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட ஒரு குழு, மைக்ரோசாஃப்ட் சேவையில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளின் மின்னஞ்சல்களுக்குள் நுழைந்தது. அமெரிக்க அரசுத் துறைகளும் அதில் உண்டு. ஜூன் மாதம் அதை முதலில் கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் இல்லை, அமெரிக்க வெளியுறவுத் துறை. அந்தத் துறை விலை கூடின திட்டத்தை வாங்கியிருந்தது. எந்த மின்னஞ்சலை யார் எப்போது திறந்தார்கள் என்ற விரிவான பதிவேடு அந்தத் திட்டத்தில்தான் இருந்தது. அடிப்படைத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பதிவேடு இல்லை. அவர்கள் மின்னஞ்சலும் திறக்கப்பட்டிருக்கலாம், பார்க்க வழி இல்லை. திருட்டு நடந்த இடத்தில் கால்தடத்தைப் பார்க்கும் உரிமை தனிக் கட்டணமாக இருந்திருக்கிறது. விஷயம் வெளியே வந்ததும் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு நெருக்கியது. அந்தப் பதிவேடுகளில் பலவற்றை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருவதாக மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஜூலையில் அறிவித்தது.

இங்கே கட்டாதவரின் இழப்பு அவரோடு நிற்பதில்லை. திருடப்பட்ட கணக்கிலிருந்து அடுத்து மோசடிச் செய்தி போவது அவருடைய நண்பர்களுக்கு. அந்த நண்பர்களில் கட்டியவர்களும் இருப்பார்கள். காசு கட்டிப் பூட்டு வாங்கியவரின் கடிதங்கள், பூட்டு வாங்காதவரின் பெட்டியிலும் ஒரு பிரதியாகக் கிடக்கின்றன.

இதை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இணையதளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலை மறையாக்கம் செய்ய, அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்ற, ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். நீண்ட காலம் அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருந்தது. பல சிறு தளங்கள் கட்டாமல் திறந்த நிலையிலேயே ஓடின. அந்தத் தளங்களில் பாஸ்வேர்டு தட்டச்சு செய்தவர்களின் தகவலை வழியில் யாரும் படித்திருக்க முடியும். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அந்தச் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகவும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படியும் வழங்கத் தொடங்கியது. மோசில்லா, எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன், சிஸ்கோ, அகாமை போன்றவை அதன் பின்னால் நின்றன. அந்தச் சமயத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் திறக்கப்பட்ட பக்கங்களில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் மறையாக்கம் செய்யப்பட்டவை. சில ஆண்டுகளில் அது 80 சதவீதத்தை எட்டியது. சான்றிதழ் விற்ற கம்பெனிகள் மூடப்படவில்லை. நிறுவனங்களின் அடையாளத்தைச் சோதித்துச் சான்று தருவது, பெரிய அமைப்புகளின் சான்றிதழ்களை மொத்தமாக நிர்வகிப்பது போன்ற கூடுதல் சேவைகளை இன்றும் விற்றுக்கொண்டிருக்கின்றன.